பின்னங்கால் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், லாயத்துக் குதிரைகளுக்குக் கொள்ளு வெந்த பிறகுதான் அரண்மனை அடுப்பில் சோற்றுப் பானை ஏறும் என்கிற வழக்கமுள்ள ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒருநாள் கோயில் தூணில் இருந்த கல் குதிரை மேல் ஆசை விழுந்தது. அதன் கழுத்து வில்லாக வளைந்து, முகவாய் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நம் குதிரைகள் அத்தனையும் இப்படி நடக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

லாயத்துக்குத் தலைவர் பிங்கலராயர். ராஜா தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற மனிதர். ஒவ்வொரு குதிரையின் கடிவாளத்தையும் வாரால் இழுத்து வயிற்றுப் பட்டையோடு இறுகக் கட்டினார். எட்டே நாளில் எல்லாத் தலையும் கவிழ்ந்துவிட்டது. ராஜா பூரித்துப்போனார்.

ஒருவன் மட்டும் மறுத்தான். குதிரை பழக்குகிற சடையன். மேகம் என்ற சாம்பல் நிறப் பெண்குதிரைக்கு வார் பூட்டமாட்டேன் என்று நின்றான். ராயர் விடுவாரா? சபையில் வத்தி வைத்தார். சடையனை நாடு கடத்துவது, மேகத்தைச் சுண்ணாம்பு வண்டியில் பூட்டுவது என்று தீர்ப்பு ராஜாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

சபையில் விகடம் பேசுகிற காத்தாயிக்கு இது பொறுக்கவில்லை. அவள் வீட்டிலிருந்து அரண்மனைப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். நாக்கை மட்டும் நம்பி அந்த இடத்துக்கு வந்தவள். எழுந்து நின்றாள்.

"மகாராஜா, கழுத்தைப் பார்த்துக் குதிரையை மெச்சுவது, மூக்குத்தியைப் பார்த்துப் பெண் எடுப்பது மாதிரி."

சபை சிரித்தது. ராயர் சிரிக்கவில்லை. "புல்லுக்கட்டு சுமந்தவள் மகள் குதிரைக்கு இலக்கணம் சொல்கிறாள், மகாராஜா."

"ஆமாம் ராயரே. புல் சுமக்கிறவர்களைக் குதிரைக்கு முன்னால் போக நீங்கள் விட்டதே இல்லை. அதனால் சின்ன வயதிலிருந்தே பின்னங்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குதிரை அங்கேதான் தொடங்குகிறது."

ராயரின் கண் மின்னியது. "அப்படியானால் ஒரு சோதனை வைக்கலாம். சடையன் குதிரை ஒரு பக்கம், என் குதிரை தாமிரன் ஒரு பக்கம். இரண்டும் ஒரே உயரம், ஒரே லாடம். தலையையோ கழுத்தையோ பார்க்காமல் எது ஒழுங்காக நடக்கிறது, எது யாருடையது என்று இவள் சொல்லட்டும். தவறினால் இவளும் சடையனோடு எல்லையைத் தாண்டட்டும்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "தலையோ கழுத்தோ கண்ணில் பட்டால் நீ தோற்றாய். சம்மதமா?"

"குதிரையையே பார்க்க மாட்டேன் மகாராஜா. முற்றத்து மணலை நனைத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள், போதும்."

ஊரே முற்றத்தில் திரண்டது. சடையன் அவள் பக்கம் குனிந்தான். "ஏ தாயி, வம்ப வெலைக்கு வாங்கிட்டியே. தோத்தா நீயும்ல என்கூட மூட்ட கட்டணும்."

"கட்டிக்கலாம்ணே. நீ எப்பவும்போல ஓட்டு. மகாராஜா பாக்குறாருன்னு கயித்தப் புடிச்சு இழுத்துத் தொலைக்காத."

அவளை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். எந்தக் குதிரை எந்தப் பக்கம் என்பதை ராயரே முடிவு செய்தார். தாமிரன் மேல் அவரே ஏறினார். இரண்டும் ஈர மணலில் நடந்து முடித்து, மதிலுக்கு அப்பால் போயின. கதவு திறந்தது.

காத்தாயி ஓடினாள். இடது தடத்தில் உட்கார்ந்தாள். பின்னங்குளம்பு, முன்னங்குளம்பின் தடத்துக்கு ஒரு சாண் பின்னாலேயே விழுந்திருந்தது. குளம்பின் நுனி மணலைக் கீறிக்கொண்டே போயிருந்தது. வலது தடத்துக்குப் பாய்ந்தாள். அங்கே பின்னங்குளம்பு முன்தடத்தைத் தாண்டி நாலு விரல் முன்னால் பதிந்திருந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை. எழுந்து ராஜாவைப் பார்த்தாள்.

"வலது மேகம். முதுகைத் தூக்கி, பின்னங்காலை வயிற்றுக்குக் கீழே வைத்து நடந்திருக்கிறது. இடது தாமிரன். பாவம், காலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது."

கூட்டம் ஆர்ப்பரித்தது. மதிலுக்கு அப்பாலிருந்து தாமிரன் மேல் வந்த ராயர் முகம் சுண்டிப்போனது. "குருட்டடி மகாராஜா. தாமிரனின் கழுத்தைப் பாருங்கள், எப்படி வளைந்திருக்கிறது."

"அது வளைந்த கழுத்தா, வளைத்த கழுத்தா என்று கேட்டுவிடலாம். மேகத்தின் மேல் நீங்களே ஏறுங்கள் மகாராஜா. தாமிரனின் வாரை அவிழ்க்கட்டும். நடந்துகொண்டிருக்கும்போதே நீங்களும் ராயரும் கடிவாளத்தை நெகிழ விடுங்கள்."

நெகிழ விட்டார்கள். எட்டு நாள் அடைபட்ட தாமிரன் தலையை வானத்துக்கு வீசி, முதுகைக் குழியாக்கி, குடுகுடுவென ஓடியது. ராயரின் தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மேகமோ நடை மாறாமல், ராஜாவின் கையைத் தேடுவதுபோலக் கழுத்தை மெல்ல முன்னும் கீழுமாக நீட்டியது. அவர் கயிற்றை மெதுவாக எடுத்ததும் கழுத்து தானாகவே எழும்பி வளைந்தது. உச்சந்தலைதான் உடம்பிலேயே உயரமான இடம். முகம் மார்பில் ஒட்டாமல், மூக்கு சற்றே முன்னால் நீண்டிருந்தது. மூடிய வாயோரம் கொஞ்சம் நுரை. வால் இங்குமங்கும் ஆடியது.

"இதுவும் வளைகிறதே" என்றார் ராஜா, குழந்தை மாதிரி.

"வளையும் மகாராஜா, கடைசியில். பின்னங்கால் தள்ள வேண்டும், முதுகு எழ வேண்டும், அப்புறம்தான் கழுத்து. நீங்கள் கூரையை மாட்டிவிட்டுச் சுவருக்கு மண் தேடினீர்கள்."

யாரும் ராஜாவிடம் அப்படிப் பேசியதில்லை. ராஜா அவளைப் பார்த்தார். தாமிரன் கழுத்தில் பல்லிபோல ஒட்டியிருந்த ராயரைப் பார்த்தார். அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

மேகம் சட்டென்று நின்றுவிட்டது.

"நான் இழுக்கவே இல்லையே, ஏன் நின்றது?"

"சிரித்ததில், அதன் நடையோடு அசைந்துகொண்டிருந்த உங்கள் முதுகு நின்றுவிட்டது. அது தெரிந்து நின்றது. வாயைக் கட்டிய குதிரைக்கு இதெல்லாம் தெரியாது."

ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை உருவி அவளுக்குப் போர்த்தினார். "வார்களையெல்லாம் அவிழ்த்து எறியுங்கள். சடையன் இங்கேதான் இருப்பான். லாயம் இனி காத்தாயி சொல்படி. ராயர் தினமும் புல் சுமக்கிறவர்களைப் போலக் குதிரைக்குப் பின்னால் நடந்து அடிச்சுவடு பார்த்து வரட்டும்."

"செருப்பு இல்லாமலா மகாராஜா?" என்று தொங்கியபடியே கேட்டார் ராயர்.

ராஜா மறுபடியும் சிரித்தார். இரண்டடி எடுத்து வைத்திருந்த மேகம் மறுபடியும் நின்றது. இப்படிச் சிரிப்பதும் நிற்பதுமாக, அன்று முற்றத்தைக் கடந்து அரண்மனை வாசலுக்கு அவர்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டதாம்.