தவிட்டடை படைத்த வடிவம்மையார்

மருதங்கரை என்னும் ஊரில், நெல் வணிகர் ஆனையப்பரின் களத்தில் நெல் குத்திப் பிழைத்தவர் வடிவம்மையார். விடிந்ததும் உரலடிக்கு வந்துவிடுவார். உலக்கை ஏறும்போது ஒரு ‘சிவ’, இறங்கும்போது ஒரு ‘சிவ’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே குத்துவார். மற்றப் பெண்கள் இளைப்பாறும் நேரத்திலும் அவர் உதடுகள் அசைந்தபடி இருக்கும். கூலியாகக் கிடைப்பது நொய்யும் தவிடும்தான். வெளுத்த அரிசியெல்லாம் ஆனையப்பர் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வீட்டுச் சோற்றின் பெருமையைச் சொல்லி முடியாது. மூன்று முறை தீட்டிய அரிசி, மல்லிகை மொட்டுப் போல இருக்க வேண்டுமாம். கீரை என்றால் ஏழைகள் தின்னும் புல்லாம், கொள்ளு குதிரைக்காம். சோற்றில் பழுப்பாக ஒரு பருக்கை தென்பட்டாலும் ஆனையப்பரின் மனைவி கோமளவல்லி இலையைத் தள்ளிவிடுவார். அவ்வளவு மென்மையான நாக்கு! அந்த நாக்கு ஊராரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அரிவாள்மணையாக மாறிவிடும்.

வடிவம்மையாரின் கணவர் சாத்தப்பனார் பாரவண்டி ஓட்டியவர். வண்டி சாய்ந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். பிள்ளைகள் நால்வர். இந்த வயிறுகளெல்லாம் இறைவன் குடியிருக்கும் இடங்கள், இங்கே நைவேத்தியம் தவறக் கூடாது என்பது அம்மையாரின் எண்ணம். தவிட்டைச் சலித்து மணம் வரும்வரை வறுப்பார். ஊறவைத்து அரைத்த நொய்யோடு அதைப் பிசைந்து, வேலியோரத்து முருங்கைக்கீரையை உருவிப் போட்டு அடை தட்டுவார். கொள்ளு வெந்த நீர் ரசமாகும். வெந்த கொள்ளு துவையலாகும். வரப்பில் முளைத்த கீரை எதையும் விடமாட்டார். வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டாமல் உப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். முதல் அடையைக் கோபுரம் இருக்கும் திசை நோக்கி ஏந்திக் காட்டிய பிறகே பரிமாறுவார்.

ஊர் சும்மா இருக்குமா? கோமளவல்லி அவருக்குத் ‘தவிட்டம்மை’ என்று பெயர் வைத்தார். அவள் நடத்துவது குடும்பமா, மாட்டுத் தொழுவமா என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டு நெய்யை நக்கியவர்கள் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

அந்தப் பெயர் பெண்ணின் வாழ்விலும் கை வைத்தது. மூத்த மகள் பூவாயியைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், களத்தடியில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுப் படலைத் தாண்டாமலே திரும்பினார்கள். சாத்தப்பனார் படுத்தபடியே அழுதார். வடிவம்மையாருக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை.

“ஊரு மெச்சணும்னு நான் உலை வைக்கல. உள்ளே இருக்கிறவனுக்கு வைக்கிறேன்” என்றார்.

அன்றும் அடை சுட்டார். அன்றும் எல்லாரும் வயிறார உண்டார்கள்.

திருவிழா நாளில் சில அடைகளை இலையில் பொதிந்துகொண்டு கோயிலுக்குச் சென்றார். கோயில் மணியக்காரர் வாசலிலேயே மறித்தார். “இது மகேசனுக்கா, மாட்டுக்கா?” என்று கேட்டுப் பொதியைப் பிடுங்கிக் கோயில் காளையின் முன் எறிந்தார். காளை ஒரு துணுக்கும் விடாமல் தின்றது.

வடிவம்மையார் கைகூப்பினார். “சாமியைச் சுமக்கிற மாடு பசியாறிடுச்சு. அது போதும் ஐயா” என்றார்.

மணியக்காரர் ஏப்பம் விட்டபடி உள்ளே போனார். கோயில் சோற்றில் கொழுத்த உடம்பு அது. அறிவுக்கு அங்கே இடம் ஏது?

அந்த மழைக்காலத்தில் கோமளவல்லியின் பாதங்கள் வீங்கின. பிறகு மரத்துப்போயின, எழுந்து நிற்க முடியவில்லை. வைத்தியர்கள் வந்தார்கள், லேகியம் கொடுத்தார்கள், போனார்கள். ஆனையப்பர் தமக்குத் தெரிந்த ஒரே பக்தியைக் காட்டினார்: சந்நிதியில் வெண்சோற்றை மலையாகக் குவித்தார். மூட்டை பெரிதாக இருந்தால் கடவுளும் பேரத்துக்கு வருவார் என்பது அவர் நினைப்பு.

உச்சிவேளையில் திரை போட்டார்கள். உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

“ஆனையப்பா, உன் சோறு எனக்கு வேண்டாம். தவிட்டம்மை வீட்டில் உண்டுவிட்டு வந்தேன். உன் மனைவியின் கால்களுக்கு மருந்தும் அவள் அடுப்படியில்தான் இருக்கிறது.”

நின்றவர்கள் அனைவரும் கேட்டார்கள். கூட்டம் குடிசைக்கு ஓடியது. அங்கே கணவரும் பிள்ளைகளும் உண்ட இலைகளோடு இன்னோர் இலை கிடந்தது. அதைச் சுற்றித் திருநீறு சிந்தியிருந்தது. பரதேசி ஒருவர் பசி என்று வந்தாராம். இருந்த அடைகளைத் தின்று, இன்னும் உண்டா என்று கேட்டாராம். அம்மா தம் பங்கையும் கொடுத்தாராம். அந்தப் பரதேசி இப்போதுதான் போனார் என்றாள் பூவாயி.

ஆனையப்பர் நாக்குழறக் கோயிலில் கேட்டதைச் சொன்னார். வடிவம்மையார் அந்த இலையருகே விழுந்து வணங்கினார். கண்ணீர் பெருகியது.

“வந்தது நீயா? இன்னிக்குத் துவையல்ல உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சே” என்றார்.

அழுது தீர்ந்ததும் தவிடு வறுத்த சட்டியை எடுத்துக்கொண்டு கோமளவல்லியின் வீட்டுக்கு நடந்தார். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஒரு மண்டலம் அவரே அடை தட்டி, கொள்ளுரசம் வைத்து ஊட்டினார். முதல் நாள் முகத்தைத் திருப்பிய கோமளவல்லி, மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். மண்டலம் முடிந்தபோது எழுந்து நடந்தார்.

திரும்பிப் போன வெளியூரார், சாமியே உண்ட வீடு என்று கேள்விப்பட்டு வெற்றிலை பாக்கோடு ஓடிவந்தார்கள். அவர்கள் வெட்கத்தை எந்த ஊரில் விட்டுவந்தார்களோ! தன் தாயை எள்ளிய சொல்லை நம்பிய வீட்டில் தான் உலை வைப்பதற்கில்லை என்று பூவாயி சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த தையில், கொள்ளும் கம்பும் விளைவிக்கும் ஓர் உழவர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள்.

கோமளவல்லி ஒருநாள் தம் காலாலேயே நடந்து குடிசைக்கு வந்தார். மண்தரையில் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்து, “எனக்கும் ஒரு இலை போடுங்க அம்மா” என்றார். வடிவம்மையார் இலை போட்டார்.

பசித்த வயிற்றைப் பரமனின் சந்நிதியாகக் கண்டு, இருந்ததைக் கொண்டு ஊட்டி வளர்த்த அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.