தலைவர் கையால் கழன்ற நட்டு

பேரூராட்சித் தலைவர் தணிகாசலத்தின் புதுக் காருக்குச் சவரிமுத்துவின் பஞ்சர் கடைக்கு எதிரிலேயேதானா காற்றுப் போக வேண்டும்? புறம்போக்கில் நிற்கும் அந்தக் கடையைத் தூக்க அவர் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். திருடனுக்குப் பயந்து சக்கரத்துக்கு, தனிச் சாவியால் மட்டுமே கழலும் பூட்டு நட்டு ஒன்று போட்டிருந்தார். அதன் சாவியோ தொலைந்துவிட்டது.

"சாவி இல்லாமல் கழற்றுடா, பார்ப்போம். முடியலைன்னா நீ தொழில் தெரியாதவன், கடையைக் காலி பண்ணு. முடிஞ்சுதுன்னா நீ சக்கரத் திருடன், போலீஸைக் கூப்பிடுவேன்."

கூட்டம் கூடிவிட்டது. சவரிமுத்து தலையைச் சொறிந்தான். பிறகு நட்டு திருப்பும் பழைய சாக்கெட்டுகளில் இந்த நட்டைவிடக் கொஞ்சம் சின்ன வாயுள்ள ஒன்றைத் தேடியெடுத்து, நட்டின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலைத் தலைவரிடம் நீட்டினான்.

"தலைவரே, தண்ணித்தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை எல்லாம் உங்க கையாலதானே ஆரம்பிச்சுது. இதுக்கும் முதல் அடி நீங்க போட்டாத்தான் ராசி."

யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் தலைவருக்குக் கை சும்மா இருக்காது. ஓங்கி நாலு போட்டார். சாக்கெட்டு நட்டை இறுகக் கவ்வியது.

"அப்படியே முடிச்சும் வைச்சிடுங்க!" என்று சாக்கெட்டில் நீளக் கம்பியை மாட்டிக் கொடுத்தான். அவர் முக்கித் திருப்ப, நட்டு கழன்று வந்தது. ஒரே ஆரவாரம். ஆளாளுக்கு செல்போனில் படம் பிடித்தார்கள்.

"இப்ப கழற்றினது யாருங்க?" என்றான் சவரிமுத்து பணிவாக. "போலீஸைக் கூப்பிடணும்னீங்களே."

தலைவர் கையிலிருந்த நட்டைப் பார்த்தார்.

"பஞ்சரை ஒட்டுப்பா."

"ஒட்டுறேன். கடை?"

"இருக்கட்டும்பா, இருக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் அழிக்கச் சொல்லு."