மீந்த மருந்து

காரைக்குடியில் ஒரு மாடிக் கடையில் ஹாஜிரா வீடியோ கேம் சென்டர் வைத்திருந்தாள். வயது இருபத்தாறு. ஆட வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் மாஸ்டர்.

அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் சேவுகன். லாரி ஓட்டியவர். புரட்டாசியில் மனைவி இறந்துபோன பிறகு, மத்தியானப் பொழுதை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று தெரியாமல் படியேறி வந்தவர்.

"என்னவா ஆடுறீங்கண்ணே? மந்திரவாதியா, திருடனா, போர்வீரனா?"

"மந்திரமெல்லாம் நமக்குத் தோதுப்படாது. வாளைக் குடு."

வாளையும் லாரி மாதிரியேதான் ஓட்டினார். இடித்த பிறகுதான் திருப்புவார்.

"ஹாரன் இல்லண்ணே அதுல," என்பாள் ஹாஜிரா.

அந்த ஆட்டத்தில் வீரனுக்கு ஒரு துணை உண்டு. நீலி என்று ஒரு வில்லுக்காரி. வீரன் அசையாமல் நின்றால் போதும், "களைச்சுப் போயிட்டீங்களா? செத்த உட்காருங்க" என்பாள்.

சேவுகன் அடிக்கடி அசையாமல் நின்றார்.

ஒருநாள் அவர் ஹாஜிராவின் மேசைக்கு வந்தார்.

"மாஸ்டர், கடைசி அரக்கன் செத்துட்டான்."

"நல்ல சேதிதானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அதுக்கு முன்னாடியே நீலி செத்துட்டா. அவளை எழுப்ப வழி இருக்கா?"

ஹாஜிரா எழுந்து வந்து, அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்க விழுந்தா?"

"மரப்பாலத்துல. ஓநாய்க் கூட்டம் சுத்திக்கிச்சு."

"அதுக்கு முந்தி ஆட்டத்தைச் சேமிச்சு வச்சது இருக்கா?"

"ஒரே இடத்துலதான் சேமிச்சேன். ஒண்ணுமேல ஒண்ணா. கடைசியாச் சேமிச்சது அவ போனப்புறம்."

ஹாஜிரா வீரனின் பையைத் திறந்தாள். திரை முழுக்கப் பச்சைக் குப்பிகள். காயத்துக்கான மருந்து. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

"இவ்வளவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவ கேட்டாளா?"

"கேட்டா. மருந்து இருந்தாக் குடுங்கன்னா. கொஞ்சம் பொறுன்னேன்."

"யார்கிட்ட?"

"டிவிகிட்டதான்." சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார். "லாரிக்காரன் புத்தி, மாஸ்டர். ரிசர்வ் டீசல்ல கை வைக்கமாட்டோம். மேட்டுக்கு வேணுமேன்னு வச்சிருப்போம். அரக்கன்தான் பெரிய மேடுன்னு நெனச்சேன்."

"அவனுக்கு எத்தனை குப்பி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. வழியெல்லாம் சண்டை போட்டுப் போட்டு எனக்குப் பலம் ஏறிக்கிடந்துச்சு. ரெண்டே வெட்டு."

ஹாஜிரா பையை மூடினாள். வீரனை நடத்திக்கொண்டு மலையடிவாரத்து ஊருக்குப் போனாள். மருந்துக் கடையில் குப்பிகளை நீட்டினாள். கடைக்காரன் வாங்கவில்லை.

"போர் முடிஞ்சிருச்சே, வீரரே. இனி யாருக்கு?"

அங்கிருந்து மரப்பாலத்துக்குப் போனாள். ஓநாய்கள் இல்லை. ஆறு ஓடுகிற சத்தம் மட்டும். பலகைமேல் நீலியின் வில் கிடந்தது. அதை எடுக்க முடியாது.

வீரன் அங்கே அசையாமல் நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எழுப்ப முடியாதா, மாஸ்டர்?"

"இந்த ஆட்டத்துல செத்தவங்க எந்திரிக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப இந்த மருந்தையெல்லாம் வச்சு நான் என்ன பண்ண?"

ஹாஜிரா எழுந்து, ஆட்டத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

சேவுகன் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, ஒரு குப்பியை எடுத்து அமுக்கினார். திரையில் எழுத்து வந்தது. உங்களுக்குக் காயம் எதுவும் இல்லை.

இன்னொன்றை அமுக்கினார். அதே எழுத்து.

"காயமே இல்லைங்குது, மாஸ்டர்."

ஹாஜிரா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்கு அவ்வளவுதாண்ணே தெரியும்."