தாசில்தார் நடத்திய கூட்டம்

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அருளப்பன், தன்னைவிட இருபது வயது இளையவரான தில்லைநாயகியிடம் சீடராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், சிக்கல்களை ஊராரே பேசித் தீர்க்க வைப்பவர் தில்லைநாயகி.

"அந்த வித்தை எனக்கும் வேணும்மா" என்றார் அருளப்பன்.

செங்காட்டூரில் கூட்டம் நடத்தும் வாய்ப்பு வந்தது. அங்கே ஏரிக்கரை கசியத் தொடங்கியிருந்தது. ராத்திரி பெருமழை என்று வானிலை அறிக்கை. கரை உடைந்தால் பள்ளத்தில் இருக்கும் ஒரு வீடும் மிஞ்சாது. ஊரே பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தது.

அருளப்பன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழக்கம் லேசில் விடுமா?

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

சொன்னார்கள், எல்லாவற்றையும் அவரைப் பார்த்தே சொன்னார்கள். மேலத்தெரு கீழத்தெருவைக் குறை சொன்னது, கீழத்தெரு மேலத்தெருவை. கடைசியில் எல்லோரும் "ஐயாதான் பார்த்துச் செய்யணும்" என்று முடித்தார்கள். மத்தியானமாகியும் ஒரு மண்வெட்டி நகரவில்லை. வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

பின்வரிசையில் இருந்த தில்லைநாயகி எழுந்து முன்னால் வந்தார்.

"எந்த வேலையை யார் கையில எடுக்கறீங்களோ, அவங்க ஒரு மூலையில நின்னு அந்த வேலையைச் சொல்லிக் குரல் கொடுங்க. மத்தவங்க இஷ்டப்பட்ட மூலைக்குப் போங்க. அங்க உங்களால பிரயோஜனம் இல்லைன்னா எழுந்து அடுத்த மூலைக்குப் போயிடுங்க. யாரும் கோவிச்சுக்கக் கூடாது."

அருளப்பன் நாற்காலியில் இருந்தபடியே அவர் பக்கம் சாய்ந்தார். "பேசிட்டிருக்கும்போதே எழுந்து போறதா? மரியாதையா இருக்காதேம்மா."

"வாங்க ஐயா, டீ சாப்பிடலாம்."

"இப்பவா?"

"இப்பதான்."

அருளப்பன் மனசில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்து, தெருமுனை டீக்கடைக்கு அவர் பின்னால் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே இரைச்சல். திடீரென்று அதுவும் அடங்கியது. அருளப்பன் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். உள்ளே ஒருவர்கூட இல்லை.

"போச்சு. கூட்டம் கலைஞ்சு போச்சு."

தில்லைநாயகி அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்.

கரை முழுக்க ஆட்கள். பெண்கள் சாக்கில் மண் அள்ளிப் போட்டார்கள். மேலத்தெரு மூட்டையைத் தூக்கிக் கொடுக்க, கீழத்தெரு வாங்கி அடுக்கியது. "இங்க ஆள் போதும்" என்று நாலு பேர் கத்திக்கொண்டே உபரி நீர் போகும் வழியில் முள்ளை வெட்ட ஓடினார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. அருளப்பன் ஏதாவது உத்தரவு போடலாமென்று முன்னால் போனார்.

"வழி விடுங்க ஐயா, மூட்டை வருது" என்றாள் ஒரு பெண்.

நகர்ந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் மூட்டை தூக்கினார்.

முதல் தூறல் விழும்போது கசிவு நின்றிருந்தது. கரை முழுக்க ஒரே விசில். அருளப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"எல்லாம் அவங்களே செஞ்சுட்டாங்க. கூட்டம் நடத்த வந்தவன்னு இதுல நான் செஞ்சது என்னம்மா?"

"எழுந்து வந்தீங்களே, ஐயா."