வெள்ளை மூலை

"தப்பு எங்கிட்ட இல்ல மாஸ்டர். மந்திரி சரியில்ல."

வந்ததும் வராததுமாகத் தங்கப்பழம் அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை இது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மாஸ்டர் என்றதும் தாடியும் மீசையுமாக யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இசக்கியம்மாளுக்கு இருபத்தாறு வயது. மற்ற நாளெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சுரண்டையில் எங்கள் செஸ் கழகத்துக்கு வந்தால் மாஸ்டர். அண்ணாச்சிக்கு அறுபத்தொன்று. பஸ் ஓட்டி ரிட்டயரானவர். அவர்தான் சிஷ்யர்.

எங்கள் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை. மாஸ்டரிடம் தோற்று எழுந்தவர்கள் நாங்கள்.

"மந்திரி என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்லுதேன். என்னைக் காப்பாத்தல."

முந்தின நாள் தென்காசியில் கழகங்களுக்கான இறுதிப் போட்டி. ஒரு பக்கத்துக்கு நாலு பேர். மாஸ்டர் சொல்லிக் கொடுப்பதோடு சரி, போட்டியில் ஆட மாட்டார். மூன்று ஆட்டம் முடிந்தபோது எங்களுக்கு இரண்டு புள்ளி. அண்ணாச்சி டிரா பண்ணினால் போதும், அந்த அரைப் புள்ளியில் கோப்பை எங்களுக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு. சமமாக முடிந்தால் கோப்பை இருக்கிற இடத்தைவிட்டு நகராது, அங்கே அப்படி ஒரு வழக்கம். அது செங்கோட்டைக்காரர்களிடம் ஒன்பது வருஷமாக இருந்தது.

அண்ணாச்சி தோற்றார்.

கடைசியில் எதிராளியிடம் ஒரு யானை. அண்ணாச்சியிடம் ஒரு மந்திரி. யானை பெரிய காய்தான். ஆனாலும் நிற்கிற இடத்தில் நின்றால் மந்திரியை வைத்தே டிரா பண்ணலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கே நிற்பது என்றுதான் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது வேனில் யாரும் அவரோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் இறங்கி, பஸ் பிடித்துப் போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாஸ்டர் பலகையில் நாலே காய்களை வைத்தார். இரண்டு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி.

"எங்க ஓடுனீங்க? காட்டுங்க."

அண்ணாச்சி தன் ராஜாவைப் பிடித்துக்கொண்டு நேராக ஒரு மூலைக்குப் போனார். கருப்பு மூலை.

"ஏன் அங்க?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கீங்க? என் மந்திரி கருப்பு. கருப்புக் கட்டத்துலதான் சாய்ஞ்சு சாய்ஞ்சு வரும். வெள்ளையில சாகிற வரைக்கும் கால் வைக்காது. நான் வெள்ளை மூலையில போய் நின்னா, அது என்னை எப்படிக் காப்பாத்தும்?"

"சரி," என்றார் மாஸ்டர். அடுத்த ஆறு நகர்வில் அவரை ஜெயித்தார்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் கருப்பு மூலை. மறுபடியும் போச்சு.

அன்றைக்குப் பத்தொன்பது தடவை ஆடினார்கள். பத்தொன்பது தடவையும் அதே மூலை. மனுஷன் பிடித்தால் பிடித்ததுதான்.

"வாய்விட்டுச் சொல்லித் தாங்களேன் மாஸ்டர்," என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கிவிட்டது.

"என்னத்தை?"

"அது என்னை எப்படிக் காப்பாத்தும்னு."

மாஸ்டர் எழுந்தார். "மாடிக்கு வாங்க. நீங்களும் வாங்க," என்று என்னையும் கூப்பிட்டார்.

எங்கள் மொட்டை மாடியில் ஆண்டு விழாவுக்காகப் பெயிண்டில் வரைந்த பெரிய பலகை உண்டு. ஆளே காயாக நின்று ஆடுவதற்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டில் அகலம். வருஷத்துக்கு ஒரு நாள்தான் அதில் ஆட்டம், மீதி நாள் வத்தல் காயும்.

"அண்ணாச்சி ராஜா. கருப்பு மூலையில நில்லுங்க."

நின்றார்.

அவருக்கு முன்னால், வெளியே தப்ப முடியாத இடத்தில், மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அது எதிரி ராஜா. என்னை அந்த ஓர வரிசையின் மறுகோடிக்கு அனுப்பினார். நான் யானை. உடம்பு வாகுக்குப் பொருத்தம்தான் என்று அண்ணாச்சி அந்த நிலையிலும் சொன்னார்.

"நான் மந்திரி," என்று மாஸ்டர் கருப்பு கருப்பாக மிதித்துப் போய் ஓர வரிசையில், எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் நின்றார். "பயப்படாதீங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்."

"இன்னும் பக்கத்துல வாங்க மாஸ்டர்."

"வர முடியாதே. உங்களுக்குப் பக்கத்துக் கட்டம் வெள்ளை."

நான் நேராக நடந்து மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்றேன்.

"யானை என்னை வெட்டப் போவுது," என்றார் மாஸ்டர். "கையை நீட்டுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி கையை நீட்டினார். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளைக் கட்டம் கிடந்தது. ஒற்றைக் காலில் நின்று எக்கிப் பார்த்தார்.

"எட்டலையே மாஸ்டர்."

"ம்."

அவ்வளவுதான். மாஸ்டர் பலகையைவிட்டு இறங்கினார், படியிலும் இறங்கிப் போய்விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியும் நானும் அண்ணாச்சியும் வெயிலில் நின்றோம். அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"இது என்னவே?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? யானைக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

ஒரு வருஷம் போனது. ஞாயிறு தவறாமல் அண்ணாச்சி வந்தார். ஞாயிறு தவறாமல் கருப்பு மூலையில் தோற்றார். அடுத்த இறுதிப் போட்டி வந்தது, எங்களுக்கு எதிரே அதே செங்கோட்டை. நாலாவது பலகைக்கு வேறு ஆள் போடலாம் என்று எங்கள் கேப்டன் ஜெபமணி சொன்னார்.

"அண்ணாச்சிதான்," என்றார் மாஸ்டர்.

"வேற நல்ல ஆள் இருக்கு மாஸ்டர்."

"இருக்கட்டும்."

போகும்போது வேனில் அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தத் தடவையும் போச்சுன்னா, நான் இனிமே கழகத்துப் படி ஏற மாட்டேன்வே," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தென்காசியில் மத்தியானத்துக்குள் மூன்று ஆட்டம் முடிந்தது. ஜெபமணி ஜெயித்தார். நான் ஜெயித்தேன், அதையும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது பலகை போச்சு. இரண்டுக்கு ஒன்று. மறுபடியும் அரைப் புள்ளி. மறுபடியும் அண்ணாச்சி. எதிரே மறுபடியும், போன வருஷம் அவரை ஜெயித்த அதே பரமகுரு வாத்தியார். கெட்டிக்காரர், தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர், ஆட்டத்தின்போது வாயே திறக்க மாட்டார்.

போய் எட்டிப் பார்த்தேன்.

வாத்தியாரிடம் யானையும் ஒரு சிப்பாயும். அண்ணாச்சியிடம் மந்திரியும் ஒரு சிப்பாயும். மந்திரி, அதே கருப்பு.

அண்ணாச்சியின் ராஜா கருப்பு மூலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

ஜெபமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் சுவரோரம் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாத்தியார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். போன வருஷம் போன பாதைதானே, அவருக்கென்ன.

மூலைக்கு இன்னும் இரண்டு கட்டம். அண்ணாச்சி ராஜாவை எடுக்கக் கையை நீட்டினார்.

கை அந்தரத்தில் நின்றது.

தொட்டால் ஆடித்தான் ஆக வேண்டும். அவர் தொடவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார், அது வெள்ளை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டு, பலகையின் மறுகோடியில் இருந்த வெள்ளை மூலையை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு ராஜாவை எடுத்தார். திருப்பினார்.

"ஐயோ, வெள்ளை மூலைக்குப் போறாரு," என்றார் ஜெபமணி என் காதில். "அங்க மந்திரி வரவே வராதே. கிறுக்குப் பிடிச்சிட்டா இவருக்கு?"

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி தன் சிப்பாயை அப்படியே அநாதையாக விட்டுவிட்டு நடக்கிறார். வாத்தியாரின் யானை அதை வெட்டப் போனது. யானை அந்தப் பக்கம் போன நேரத்தில் அண்ணாச்சியின் மந்திரி வாத்தியாரின் சிப்பாயை வெட்டியது. பலகையில் இப்போது நாலே காய். அண்ணாச்சியின் ராஜா ஒவ்வொரு கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது.

யானை திரும்பி வந்து மறிக்கப் பார்த்தது. பிந்திவிட்டது.

ராஜா வெள்ளை மூலையில் போய் நின்றது.

யானை ஓர வரிசைக்கு வந்து செக் சொன்னது. அண்ணாச்சி மந்திரியை எடுத்தார். ராஜாவுக்கு ஒட்டின கட்டத்தில், தோளோடு தோளாக வைத்தார். அந்தக் கட்டம் கருப்பு.

நான் அப்போதுதான் பார்த்தேன். ஜெபமணியும் பார்த்தார். யானை மந்திரியை வெட்டட்டும். வெட்டினால் பக்கத்திலேயே ராஜா நிற்கிறது, யானையைத் திருப்பி வெட்டும்.

வாத்தியார் வெட்டவில்லை. அவர் என்ன சாதாரண ஆளா? யானையை எடுத்தார், சுற்றி வந்தார், கீழே போனார், மேலே வந்தார். யானை போனால் மந்திரி கொஞ்சம் வெளியே போகும். யானை செக் சொன்னால் மந்திரி திரும்பி வந்து ராஜா பக்கத்தில் நின்றுகொள்ளும். முப்பது நகர்வு. முப்பத்தைந்து. வாத்தியாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அண்ணாச்சி நீண்ட ரூட்டில் பஸ் ஓட்டுகிறவரைப் போல நிதானமாக இருந்தார்.

நாற்பதாவது நகர்வில் வாத்தியார் தன் ராஜாவை நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். யானையை ஓர வரிசையில் வைத்து மறுபடியும் செக் சொன்னார். மந்திரி வந்து மறித்தது. வாத்தியார் யானையை அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி வைத்தார். மந்திரி இனி அசைய முடியாது, அசைந்தால் ராஜாவுக்கு வெட்டு. கட்டிப்போட்டாயிற்று என்று அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிச்சல் வந்தது.

அண்ணாச்சி ஆடவில்லை.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆடுங்க அண்ணாச்சி," என்றார் வாத்தியார், அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து. "உங்க நேரம் ஓடுது."

"ஆட ஒண்ணும் இல்லையே சார்."

வாத்தியார் பலகையைப் பார்த்தார். மந்திரி கட்டிக்கிடக்கிறது. ராஜா போகக்கூடிய கட்டங்களை வாத்தியாரின் ராஜாவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவர் வந்து குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொடாமல் எண்ணினார்.

"ராஜாவுக்கு செக் இல்ல," என்றார் நடுவர். "நகர்த்த வழியும் இல்ல. ஆட்டம் டிரா."

ஜெபமணி போட்ட சத்தத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். பத்து வருஷமாகச் செங்கோட்டைக்காரர்களிடம் இருந்த, போன வருஷம் எங்கள் கைக்கு வந்து நழுவிய கோப்பை. நாங்கள் நாலு பேரும் அதைத் தூக்கினோம். பிறகு மூன்று பேர் கையை எடுத்துக்கொண்டோம். அண்ணாச்சி மட்டும் தூக்கிப் பிடித்தபடி நின்றார், குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு.

மாஸ்டர் சுவரோரத்திலிருந்து வந்தார். அண்ணாச்சிக்குக் கையை நீட்டினார். அண்ணாச்சி கோப்பையை இடுக்கிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் விட நேரமாயிற்று.

பரமகுரு வாத்தியார் பெரிய மனுஷர். அவராகவே வந்து பாராட்டினார்.

"அருமையான ஆட்டம் அண்ணாச்சி. தக்க நேரத்துல வந்து அந்த மந்திரிதான் உங்களைக் காப்பாத்திட்டு."

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். பலகையில் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்த அந்தச் சின்னக் கருப்புக் காயைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல சார்," என்றார். "நான்லா அதைக் காப்பாத்தினேன்."