எல்லைக்கல்லில் நின்ற முளைப்பாரி

எங்கள் ஊர்த்தலைவர் பெரியகருப்ப அம்பலம் வைத்ததுதான் சட்டம். "வயசுக்கு வந்த பொண்ணு ஊர் எல்லையைத் தாண்டினா அம்மனுக்கு ஆகாது" என்று சொல்லி, எல்லைக்கு அப்பால் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்களை நிறுத்தினார். என் மகளையும்தான். நான் மறக்கவில்லை.

அப்படிப் படிப்பு நின்று, அதற்காக வீடு வீடாகப் பேசி வந்த செவந்தியிடம், "அம்மன்கிட்டயே உத்தரவு வாங்கிட்டு வா, புள்ள" என்று அம்பலம் சிரித்தார்.

திருவிழா வந்தது. ஆற்றில் கரைக்க முளைப்பாரி சுமந்து வந்த பெண்கள் எல்லைக்கல்லில் நின்றுவிட்டார்கள். கொட்டுச் சத்தம் அடங்கியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் நிக்கிறீக?" என்று அம்பலம் கத்தினார்.

"நாங்க தாண்டினா அம்மனுக்கு ஆகாதே, ஐயா. நீங்களே தலையில வச்சுக் கொண்டுபோங்க" என்றாள் செவந்தி.

ஆம்பளை முளைப்பாரி சுமப்பதா? ஊரே சிரித்தது. அம்பலம் சாயும் பொழுதைப் பார்த்தார்.

"அம்மன் ஒண்ணும் சொல்லாது, போங்கடி!"

"சரிங்கய்யா. திங்கக்கிழமை புத்தகப்பையோட போறோம். பாதை இதேதான்."