ஈர மூங்கிலும் ஒன்பது தட்டும்

துடுக்கி என்ற மந்திக்கு அரும்பு என்ற தேவாங்கைக் கண்டாலே எரிச்சல். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அரும்பு மெதுவாக நடப்பாள். மெதுவாகத் திரும்புவாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவளுக்கு மறுபடி பசித்துவிடும்.

இரண்டு பேரும் ஒரே குழு. அதுதான் கொடுமை.

நாலு மழைக்காலத்துக்கு ஒருமுறை உலகத்துக் காடுகள் எல்லாம் தாமரைக் குளத்தங்கரையில் போட்டிக்குக் கூடும். ஒரு பக்கம் சிறுத்தைகள் ஓடும். ஒரு பக்கம் யானைகள் பாறை எறியும். குளத்தில் ஆமைகள் நீந்தும். ஆனால் கூட்டம் முண்டியடிப்பது பெண்கள் குழு வித்தைக்குத்தான். புல்லில் கரணம், பாறைத் தாண்டல், மூங்கில் ஊசல், பனந்தண்டு நடை என்று நாலு வித்தை. ஒவ்வொன்றுக்கும் குழுவிலிருந்து மூன்று பேர் இறங்க வேண்டும். மூன்று பேர் வாங்கும் மதிப்பெண்ணும் ஒன்றாகச் சேரும். ஒருத்தி விழுந்தால் மூன்று பேரும் விழுந்த மாதிரிதான்.

தீர்ப்புச் சொல்வது பெரிய நாரை. ஒற்றைக் காலில் நாள் முழுக்க நிற்கிற பறவைக்குத் தெரியாத சமநிலையா! வித்தை முடிந்ததும் அது அலகைத் தட்டும். பத்துத் தட்டு என்றால் முழுசு. பத்து இதுவரை யாரும் வாங்கினதில்லை.

முதல் மூன்று இடம் பிடித்த குழுக்கள் அங்கிருக்கிற பெரிய பாறையில் களிமண் பூசிக் கை பதிக்கலாம். காய்ந்தால் அது கல் மாதிரி நிற்கும். பாறை முழுக்கக் கைகள். கரடிக் கை, கங்காருக் கை, எங்கிருந்தோ வந்த பனிச்சிறுத்தையின் கை. சோலைமேட்டுக் காட்டின் கை மட்டும் ஒன்றுகூட இல்லை.

துடுக்கி வந்ததும் முதலில் அந்தப் பாறையைத்தான் பார்த்தாள். தன் கையை எங்கே வைப்பது என்று ஒரு இடமும் பிடித்துவிட்டாள்.

சோலைமேட்டுக் குழுவில் நாலு பேர். மந்தி துடுக்கி. வரையாடு மலைச்சி. மலை அணில் தாழை. இந்த மூன்று பேரும் ஆடுகிறவர்கள். நாலாவது அரும்பு, மாற்று ஆள். யாருக்காவது அடிபட்டால் இறங்குவாள். அதுவரைக்கும் அவளுக்கு ஒரே வேலை, கை வழுக்காமல் இருக்க மூங்கிலிலும் பனந்தண்டிலும் புற்றுமண் பூசுவது. பகல் வெளிச்சத்தில் கூசுகிற பெரிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கணு கணுவாகத் தடவிப் பார்த்துப் பூசுவாள்.

"அடியே, மூங்கிலைத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?" என்பாள் துடுக்கி.

"தடவிப் பார்த்தாத்தானே தெரியும் அக்கா" என்பாள் அரும்பு. அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

போட்டி தொடங்கியது.

துடுக்கி தன் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கங்காருப் பெண் ஓடி வந்து தாண்டல் பாறையில் கை வைத்தாள். அப்புறம் அவள் தரையில் இல்லை. ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வாலை ஊன்றாமல் நின்றாள்! பெருங்கானகத்துக் கிப்பன் குரங்குகளின் தலைவி நெடுங்கை மூங்கிலைப் பிடித்தாள். நீண்ட கை அவளுக்கு. ஒரு மூங்கிலை விட்டு அடுத்ததைப் பிடிக்கும் நடுவில் அவள் சும்மா காற்றில் கிடந்தாள், அவசரமே இல்லாமல். யானைகள் தும்பிக்கையைத் தூக்கியபடி, பாறை எறிய மறந்து நின்றன. துடுக்கிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஒன்பது தட்டு!" என்று தாழை எண்ணினாள். "யம்மா!"

ஆனால் சோலைமேடும் லேசுப்பட்டதில்லை. புல்லில் தாழை பம்பரமாய்ச் சுழன்றாள். பாறைத் தாண்டலில் மலைச்சி நாலு குளம்பையும் ஒரே இடத்தில் ஊன்றி நின்றாள். ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. இரண்டு வித்தை முடிந்தபோது சோலைமேடுதான் முதலிடம்! கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. எந்தக் காடு இது? வரைபடத்தில் இருக்கிறதா?

மூன்றாவது, மூங்கில் ஊசல். குறுக்காகக் கட்டிய இரண்டு மூங்கில், ஒன்று தாழ, ஒன்று உயர. அவர்களுக்கு முன்னால் ஆடியது நீர்நாய்க் குழு. குளத்திலிருந்து நேராக ஏறி வந்த கும்பல்.

தாழையும் மலைச்சியும் தாழ்ந்த மூங்கிலிலேயே சமாளித்து எட்டு எட்டாக வாங்கினார்கள். இனி துடுக்கி. மந்திக்கு ஊசல் என்றால் கேட்க வேண்டுமா? உயர்ந்த மூங்கில் அவளுக்காகவே கட்டிய மாதிரி இருந்தது.

நாரை ஒரு காலைத் தூக்கியது. அது காலைக் கீழே வைப்பதற்குள் தயாராக வேண்டும். அரும்பு உயர்ந்த மூங்கிலில் ஏறி, கணு கணுவாகத் தடவினாள். முதல் கணு. இரண்டாவது கணு.

"போதும், இறங்குடி!" என்றாள் துடுக்கி.

"அக்கா, கடைசிக் கணு இன்னும் ஈரமா இருக்கு. நீர்நாய் ஈரம். கொஞ்சம் இருங்க."

"எனக்கே கிளையைப் பத்திச் சொல்றியா? நான் பிறந்ததே மரத்துலடி!"

"நாரை இன்னும் காலை வைக்கலை அக்கா. நேரம் இருக்கு."

"உனக்கு எப்பவும் நேரம் இருக்கும். இறங்கு!"

அரும்பு இறங்கினாள். துடுக்கி தாவினாள்.

முதல் சுற்று நன்றாக இருந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது. கூட்டம் "ஓ!" என்றது. மூன்றாவது சுற்றில் அவள் கை கடைசிக் கணுவைப் பிடித்தது. பிடித்த கை வழுக்கியது.

அவ்வளவுதான். தரை வந்து முகத்தில் மோதியது.

நாரை தட்டியது. டக். டக். டக். டக். நாலு.

துடுக்கி எழுந்தாள். வலது மணிக்கட்டு பலாக்காய் மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. மலைச்சி ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு? நீ எப்படி விழுவ?"

எல்லாரும் பார்த்தார்கள். நெடுங்கைகூடப் பார்த்தாள். துடுக்கியின் வாய் அவளைவிட வேகமாகத் தாவியது.

"மண் சரியாப் பூசலை. வழுக்கிடுச்சு."

மலைச்சி அரும்பின் பக்கம் திரும்பினாள். "உனக்கு இருந்ததே ஒரே ஒரு வேலை!"

அரும்பு துடுக்கியைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்கள் இரண்டும் ஒருமுறை மூடித் திறந்தன. எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துடுக்கிக்கு நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

கடைசி வித்தை பனந்தண்டு நடை. குளத்துக்குக் குறுக்கே வழவழப்பாக ஒரு தண்டு. அகலம் ஒரு குளம்பு அளவுதான். அதன்மேல் வித்தை காட்டி மறுகரையில் இறங்க வேண்டும். இறங்கியபின் ஒரு அடிகூட நகரக் கூடாது.

மலைச்சி நடந்தாள். அவளுக்கு மலைவிளிம்பே வீடு. ஒன்பது தட்டு. தாழை நடந்தாள். நடுவில் ஒரு தடவை வாலை வீசிச் சமாளித்தாள். எட்டு. மூன்றாவதாகத் துடுக்கி போக வேண்டும். வீங்கிய கையை அவளால் ஊன்ற முடியவில்லை.

"முதலிடமும் ரெண்டாம் இடமும் போச்சு" என்றாள் தாழை. "மூணாவது இடத்துக்கு இன்னும் ஒன்பது தட்டு வேணும். எட்டு வந்தா நம்மகிட்ட ஒண்ணுமில்லை."

நாலு பேரில் மிச்சம் ஒருத்திதான்.

அரும்பு எழுந்தாள். கூட்டம் சிரித்தது.

"ஏய் சோலைமேடு!" என்று ஒரு கிப்பன் கத்தினாள். "அது அந்தக் கரை போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த போட்டியே வந்துடும்!"

"குளம் வத்திடும்டி!" என்றாள் இன்னொருத்தி.

அரும்பு காதில் வாங்கவில்லை. துடுக்கியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குத் தண்டுல மண் பூச ஆள் இல்லை."

துடுக்கி இடது கையில் புற்றுமண்ணை அள்ளினாள். நாரை காலைத் தூக்கியது.

துடுக்கி வேகமாகப் பூசிக்கொண்டே போனாள். கரையிலிருந்து அரும்பு சொன்னாள். "அக்கா, தடவிப் பாருங்க."

துடுக்கி தடவினாள். பிறந்ததிலிருந்து மரத்தில் இருக்கிறவள், முதல் தடவையாக ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தாள். அடேயப்பா, தண்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறதே! இங்கே ஒரு வெடிப்பு. இங்கே மலைச்சியின் குளம்பு போட்ட பள்ளம். இங்கே தாழை தடுமாறிய இடம், அங்கே நகக்கீறல். இங்கே... ஈரம். குளத்துத் தண்ணீர் தெறித்த ஈரம், உள்ளங்கை அளவு. மண்ணை வைத்து அழுத்தினாள். மறுபடி வைத்தாள். காயும்வரை ஊதினாள். நாரையின் கால் இறங்கிக்கொண்டே வந்தது. துடுக்கி நகரவில்லை. இன்னும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

நாரை காலை வைத்தது. அரும்பு ஏறினாள்.

முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள், அவள் தண்டின் நடுவில் இரண்டு கையால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது தலைகீழானாள்? யாருக்கும் தெரியவில்லை. நிழல் நகர்கிற மாதிரி நகர்ந்திருக்கிறாள். பிறகு ஒரு கை மெல்லத் தண்டைவிட்டு எழுந்தது. ஒற்றைக் கையில் நின்றாள்.

சிரிப்பு நின்றது.

தாவுகிறவள் நடுவில் உள்ள கஷ்டத்தைப் பறந்து தாண்டிவிடுவாள். அரும்பு எதையும் தாண்டவில்லை. ஒவ்வொரு கஷ்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள். பின்னங்கால் இரண்டால் மட்டும் தண்டைப் பற்றி, உடம்பைப் பக்கவாட்டில் நீட்டினாள், நேராக, ஒரு கிளை மாதிரி. குளத்துக்கு மேலே, கையால் ஒன்றையும் பிடிக்காமல்! துடுக்கிக்கு அந்த வலி தெரியும். எந்த மந்தியும் நாலு மூச்சுக்கு மேல் அப்படி நீட்டிக்கொண்டு இருக்க முடியாது. அரும்பு இருந்தாள். அவளுக்குக் கீழே தண்ணீரில் இன்னொரு அரும்பு இருந்தாள். அவளும் ஆடவில்லை. ஒரு தும்பி வந்து அரும்பின் நீட்டிய விரலில் உட்கார்ந்தது. கிளை என்றே நினைத்துவிட்டது. பறக்கவே இல்லை.

குளத்தங்கரையில் இத்தனை காடு கூடியிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. சிறுத்தைகள் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றன. யானைக் குட்டி ஒன்று தாயின் காலைக் கட்டிக்கொண்டது. துடுக்கியின் கண் கலங்கியது. வலியால் இல்லை. இத்தனை நாள் இவளை அருகில் வைத்துக்கொண்டு என்ன பார்த்தேன்?

கடைசியில் மறுகரை. எல்லாரும் குதிக்கிற இடம். தேவாங்கு குதிக்காது. அரும்பு தண்டின் முனையில் காலால் தொங்கினாள். உடம்பை நீட்டினாள், இன்னும் நீட்டினாள், விரல்நுனி புல்லைத் தொட்டது. ஒரு கால் வந்தது. அடுத்த கால் வந்தது. நின்றாள். பனித்துளி இறங்குவதுகூட அதைவிடச் சத்தமாக இருக்கும். அப்போதுதான் தும்பி பறந்தது.

நாரை தட்டவில்லை. பார்த்தபடியே இருந்தது.

"நாரையம்மா!" என்று கத்தினாள் மலைச்சி. "தட்டுங்க!"

நாரை திடுக்கிட்டு அலகை எடுத்தது. டக். டக். டக். தாழை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டு.

ஒரு இடைவெளி.

டக்.

ஒன்பது! பத்து வரவில்லை. தாவல் ஒன்றுகூட இல்லை என்று ஒரு தட்டைக் கழித்துவிட்டது. சட்டம் சட்டம்தான். ஆனால் ஒன்பது போதும்! மூன்றாம் இடம்! மலைச்சி துள்ளிய துள்ளலில் தாழை குளத்தில் விழுந்தாள். முதலிடம் வாங்கிய நெடுங்கை இறங்கி வந்து, தன் நீண்ட கையால் அரும்பின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பாறையில் களிமண் பூசினார்கள். நாலு பேரும் போனார்கள்.

"பிரமாதம் அரும்பு!" என்றாள் மலைச்சி. "ஆனா மூங்கில்லயும் ஒழுங்காப் பூசியிருந்தா, நாம முதலிடத்துக்காரங்க வைக்கிற அந்த மேல் வரிசையில கை வச்சிருப்போம்."

அரும்பு தலையைக் குனிந்துகொண்டாள். துடுக்கி தான் முன்பே பிடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கப் பார்த்தாள். கை மேலே போகவில்லை.

"அவ பூசினா" என்றாள் துடுக்கி. சுற்றி நின்ற காடுகள் எல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். "கடைசிக் கணு ஈரம்னு சொன்னா. நேரம் இருக்குன்னும் சொன்னா. நான்தான் இறங்குடின்னு விரட்டினேன். அப்புறம் பொய் சொன்னேன். முதலிடத்தைக் கெடுத்தது நான்."

மலைச்சி அரும்பின் பக்கம் போய் நின்றாள்.

"முதல்ல நீ வைடி" என்றாள் துடுக்கி அரும்பிடம். "அந்த இடத்துல. நான் பார்த்து வச்ச இடம் அது. நல்லாத் தெரியும்."

அரும்பு வைத்தாள். தாழை வைத்தாள். மலைச்சி குளம்பை வைத்தாள். துடுக்கி வீங்காத இடது கையை நீட்டினாள். அரும்பு களிமண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்த இடம் இன்னும் ரொம்ப ஈரமா இருக்கு. வச்சா வழிஞ்சிடும்."

துடுக்கி நீட்டிய கையை மடக்கினாள். பாறை அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. எப்ப வைக்கலாம்னு நீயே சொல்லு" என்றாள்.

உன் கை வழுக்காமல் இருக்கத் தடவிப் பார்க்கிறவள் 'ஈரமா இருக்கு' என்று சொன்னால், நீ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நின்று கேட்க வேண்டும்.